அருளப்பு சுகமாய் இருக்கிறார்

"நீர் என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமெல்லே…"

"கேட்டால் வேண்டாமெண்டிருப்பியள், அதுதான் அண்ணை…"

"வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பன், அது என்ர ரெப்போ…"

"உங்கட ரெப்போதான், ஆனால் ஞாயிறு ஞாயிறு குந்தியிருந்து தட்டுறது பாவமாய்க் கிடந்தது…"

நானும் அனோஜன் அண்ணையும் கதைப்பது இப்படித்தான், ஐயா. ஒருவர் முடிக்கமுன் மற்றவர் தொடங்கிவிடுவோம். கோபம் என்று வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். நாரந்தனையில் அவர் வீட்டு முன்னறைதான் எங்கள் அலுவலகம். இரண்டு கதிரை, இரண்டு கணினி, ஒரு மின்விசிறி. காற்று யார் பக்கம் என்பதற்கும் இதே சத்தந்தான்.

ரெப்போ என்றால் களஞ்சியம். வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு நாங்கள் எழுதுகிற மென்பொருளும், அதில் செய்யவேண்டிய வேலைகளும் அதற்குள் இருக்கும். முடியாத வேலை சிவப்பு. முடித்து மூடினால் பச்சை. அனோஜன் அண்ணைக்கு நல்ல மனம், ஆனால் பஞ்சி, வேலைக்குச் சோம்பல். நெடுந்தீவில் தனித்திருக்கும் முதியவர்களைக் கிழமைக்கொருக்கால் போய்ப் பார்க்கிற பணியை ஏற்றபோது, அதற்கென்று வேறொன்று செய்யாமல் அதே களஞ்சியத்துக்குள் போட்டுவிட்டார். "கடவுச்சொல் பிழையைத் திருத்தவும்" என்பதற்குக் கீழே "அருளப்பு அப்புவைப் பார்க்கவும்" என்று கிடக்கும். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்த நாட்கள் உண்டு.

நெடுந்தீவில் மிரோஜனும் மாக்கிறேற் அக்காவும் தங்கள் போனில் அதைப் பார்ப்பார்கள். சிவப்பென்றால் நேரமுள்ளவர் போய்ப் பார்த்து, இரண்டு வரி எழுதி மூடுவார். பச்சையென்றால் மற்றவர் போய்விட்டார் என்று அர்த்தம். அந்த இரண்டு வரி முதியவரின் வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்குப் போகும். வேறு சட்டதிட்டம் இல்லை.

இந்த வேலைகளை அண்ணை ஒவ்வொரு ஞாயிறும் கையால் தட்டிப் போடுவார். பாதியை மறப்பார். அதனால் நான் ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினேன். திங்கள் விடிய வேலைகள் தாமாகவே பிறக்கும். முதல் திங்கள் நேரத்தோடு எழும்பிப் பார்த்தேன். ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. கோழி முட்டையிடுவதைக் கண்ட சின்னப்பிள்ளைபோல் கைதட்டினேன். முதலில் சொன்ன சண்டை அதற்குத்தான். பின்னேரம் அண்ணையே ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்.

பிறகு மாரி வந்தது. மிரோஜன் கடல் தொழிலுக்குப் போனால் திரும்ப நேரமாகும். மாக்கிறேற் அக்காவுக்குக் கால் உளைவு. வேலைகள் சனிவரை சிவப்பாய்க் கிடக்கும். சிவப்பை என்னால் பார்க்க ஏலாது, ஐயா. அழகான சட்டையில் கறி ஊற்றினமாதிரி. அதனால் இரண்டாவது நிரல். சனி பின்னேரமாகியும் யாரும் மூடாவிட்டால் அது தானாய் மூடும்.

சும்மா மூடினால் பிள்ளைகளுக்கு இரண்டு வரி போகாதே. அதற்காகக் கொஞ்சம் வரிகள் எழுதிக் கலந்துவிட்டேன். "சுகமாய் இருக்கிறார். கூழ் குடிச்சவர்." "கறிக்கு உப்புக் காணாதெண்டு ஏசினவர்." "ஆட்டுக்குட்டிக்கு உங்கட பேரை வைச்சிருக்கிறார்." அந்த ஆட்டுக்குட்டி என் சொந்தக் கற்பனை. பாரிசிலிருந்து அருளப்பு அப்புவின் மகள் யூலியானா அக்கா சிரிப்புப் படங்களாய் அனுப்பித் தள்ளினா. மிரோஜன் உண்மையாய்ப் போய் எழுதினால் "ஓம், இருக்கிறார்" என்று மட்டுந்தான் எழுதுவான். அதற்கு யார் சிரிப்பது? என் நிரலுக்குள் அந்த மனுசன் இன்னும் கலகலப்பாக இருந்தார்.

சனி என்பது பிந்திப்போச்சு என்று பட்டது. வெள்ளியாக்கினேன். பிறகு புதன். கடைசியில், பிறக்கிற கணமே மூடும்படி மாற்றினேன். அந்தத் திங்கள் திரை மேலிருந்து கீழ்வரை பச்சை, வயல்போல. நான் கதிரையோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். அண்ணையும் மேலோட்டமாய்ப் பார்த்துவிட்டு, நெடுந்தீவு ஆக்கள் இப்ப நல்லாய் ஓடித் திரியினம் என்றார். அவருடைய சந்தோசத்தை ஏன் கெடுக்கவேணும் என்று விட்டுவிட்டேன்.

மிரோஜன் பார்த்தால் பச்சை. மாக்கிறேற் அக்கா பார்த்தாலும் பச்சை. இருவரும் மற்றவரை மெச்சிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். அருளப்பு அப்புவின் வீட்டைச் சுற்றிவரப் பூட்டின வீடுகள், எல்லாரும் வெளிநாடு. அவருக்குச் சீனி வருத்தம், ஒரு கால் வழங்காது, போனும் இல்லை. மருந்தும் குடிதண்ணியும் போகிறவர்தான் கொண்டுபோவது. இதெல்லாம் வேலை விபரத்திலேயே இருந்தது. நான்தான் தட்டினேன்.

யூலியானா அக்கா ஒருமுறை எழுதிக் கேட்டா: "இப்பவே லீவு எடுத்து வந்து அப்பாவைப் பார்க்கட்டோ, திருநாளோடை வந்தால் காணுமோ?" கேள்விக்குறி கண்டால் "அவசரமில்லை, ஆள் சுகம்" என்று போகும்படி முன்னமே செய்து வைத்திருந்தேன். எவ்வளவு பொருத்தமாய்ப் பதில் போனது என்று எனக்குப் பெருமையும் புளுகமும் தாங்கவில்லை. அவ திருநாளோடு வரத் தீர்மானித்தா.

ஒரு பின்னேரம் மாக்கிறேற் அக்கா போன் எடுத்தா. அருளப்புவின் வீட்டில் விளக்கைக் காணேல்லையாம், நாய் படலையிலே படுத்துக் குழறுதாம், ஆரும் போனவையோ என்று கேட்டா. நான் திரையைப் பார்த்தேன். பச்சை. ஓம் அக்கா, போயிருக்கினம், நீங்கள் காலோடை கஷ்டப்படாதேங்கோ என்றேன். மூடியது நான் எழுதின நிரல் என்பது எனக்குத் தெரியும், ஐயா. தெரியாதென்று சொல்லமாட்டேன். ஆனால் பச்சையாய் இருந்ததை வேறென்னவென்று சொல்வது?

திருநாளுக்கு யூலியானா அக்கா சொக்கிலேற் பெட்டியோடு வந்து இறங்கினா. கதவை உடைத்துத்தான் திறந்தவர்களாம். டொக்டர் சொன்னதை உங்களிடம் எழுதியே தந்திருப்பார். அப்பு இறந்து நெடுநாள் என்றால் நெடுநாள்தான். மாக்கிறேற் அக்கா போன் எடுத்தபோது அப்புவுக்கு மூச்சு இருந்திருக்கும் என்றும் டொக்டர் சொல்கிறாராம். கதவு உடைத்த அன்றும் திங்கள். அன்றைய வரி, கூழ் குடித்தவர் என்பது.

எல்லாரும் என்னைக் குரூரமானவள் என்கிறார்கள். அவர்களுக்கு நான் கொடுத்த மகிழ்ச்சியைக் கூட்டிப்பார்க்க ஒருவருமில்லை. அனோஜன் அண்ணை என் கதிரையை முற்றத்தில் வைத்துவிட்டார். களஞ்சியத்துக்குள் நான் போகும் வழியை அடைக்க மட்டும் அவருக்கு இன்னும் நினைவு வரவில்லை.

நேற்று புளியங்கூடலுக்குப் போனேன். யூலியானா அக்கா அங்கே மாமி வீட்டில், உள்அறையில் பூட்டிக்கொண்டு இருக்கிறா. சாப்பாடு வாசலிலேயே காய்ந்து கிடந்தது. கதவில் மெல்லத் தட்டினேன். உள்ளே யாரோ கட்டிலில் அசைந்ததுபோல் இருந்தது. ஆறுதலாய், சிரித்த முகத்தோடுதான் சொன்னேன்.

"அக்கா, திங்களுக்குத் திங்கள் உங்களை ஆரும் வந்து பார்க்கவேணுமெண்டு உங்கட பேரிலயும் ஒரு வேலை போட்டிருக்கிறன், நீங்கள் கதவு திறக்காட்டிலும் பரவாயில்லை, அது தானாய் மூடும்."