கூட்டாத அறை

இல்ல தாயி, வாடகைப் பேச்சு அப்புறம். மொதல்ல ரூம நல்லாப் பாத்துக்க. உக்கார வேற எதுவும் இல்ல, அந்தப் பொட்டி மேலயே உக்காரு. போர்வை போட்டுத்தான் மூடியிருக்கேன், சும்மா உக்காரு, ஒண்ணும் ஆகாது. நான் இந்த முக்காலிய இழுத்துப் போட்டுக்கறேன். தரையில உக்காந்தா என்னை எழுப்பி விட ரெண்டு ஆளு வேணும், முழங்கால் அப்படி.

தூசியப் பாக்காத. நெய்வேலிப் பக்கம் எல்லா வீட்டுலயும் இதே கதைதான். தெர்மல் புகைபோக்கில இருந்து சாம்பல் பறந்து வந்து உக்காந்துக்கும். வெள்ளை வேட்டியக் காயப்போட்டா சாயங்காலம் சாம்பல் வேட்டிதான். மோரைக் குடி. உப்பு பத்துதா?

அம்சவல்லி ஒரு வாரமா என்னை விடல. கீரை கொண்டாந்து போடுவாளே, அவதான். ஏம்மா, நீயும் அய்யாவும் ரெண்டே பேரு, இத்தினி பெரிய வூட்ட வச்சிக்கினு பின்னாடி ரூம பூட்டிக்கினு கெடக்குற, அந்தச் சிலோன் பொண்ணும் அதும் அம்மாவும் தெருத்தெருவா வூடு கேட்டுக்கினு திரியுதுங்க, நீ தெனம் வெளக்கு ஏத்தி என்னாத்துக்குன்னு கேட்டுட்டா. அவ வாய் அப்படி. மனசு வெல்லம்.

மந்தாரக்குப்பத்துல எல்லாரும் இல்லன்னுட்டாங்களாக்கும். பயம்தான் தாயி. போலீசு வந்து விசாரிப்பாங்க, நமக்கு ஏன் வம்புன்னு. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது.

எனக்குக் குடுக்க மனசு நெறைய இருக்கு. ஆனா அதுக்கு முந்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அதக் கேட்டுட்டு, வேணும் வேண்டாம்னு நீதான் சொல்லணும். எங்க வீட்டுக்காரரு, சொல்லாமலே குடுத்துரு புஷ்பம், சொன்னா அந்தப் புள்ளைங்க வராதுன்னாரு. எனக்கு அது சரியாப் படல. ஒரு விஷயத்த மறைச்சு வச்சு ஒருத்திய ஒரு வீட்டுல படுக்க வைக்கிறது பாவம் இல்லையா.

ஓமா. நீங்க ஆமாங்கறதுக்கு ஓம் ஓம்னு சொல்றது கேக்க நல்லா இருக்கு, சாமி பேரச் சொல்ற மாதிரி.

ரூமா? என் மகனோட ரூமு. அவன் லீவுல வர்றப்போ படுக்கறதுக்குன்னு கட்டினது. சொல்றேன் தாயி, அதுக்குத்தான் வரேன். எனக்கு நேராச் சொல்ல வரல. சுத்தி வளைச்சுத்தான் வரும், பொறுத்துக்க.

அன்னிக்குக் கோயில்ல வச்சு நீ சொன்னேல்ல, ஊர விட்டுக் கெளம்புறப்போ உங்கம்மா வாசல் முத்தத்தக் கூட்டிட்டு வந்தாங்கன்னு. செல்லு குண்டு விழுற சத்தம் கேக்குது, பக்கத்து வீட்டு ஆளுங்க எல்லாம் மூட்டையோட ரோட்டுல போறாங்க, இவங்க வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு நிக்கறாங்கன்னு. நீ சிரிச்சுக்கிட்டுதான் சொன்ன. எனக்குச் சிரிப்பு வரல. இதே கதைய நான் இன்னொருத்தர் வாயால கேட்டிருக்கேன். வெள்ளைக்காரங்க வாயால.

எர்னான்னு ஒரு ஜெர்மன்காரம்மா. நாங்க டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போ, ரெண்டாவது மைன்ஸுக்குப் புது மெஷின் மாட்டுறதுக்கு அந்தம்மா வீட்டுக்காரரு வந்திருந்தாரு. எங்க வீட்டுக்காரரு அவருகிட்ட பிட்டரா இருந்தாரு. வீட்டுல சமைக்க நம்பிக்கையான ஆளு வேணும்னு கேட்டாங்கன்னு என்னைக் கூட்டிட்டுப் போய் விட்டாரு. எட்டாங்கிளாஸ் படிச்சவ நான், இங்கிலீஷு எஸ்ஸு நோவோட சரி. ரெண்டு வருஷத்துல அந்தம்மா என்கிட்டயே தமிழ் கத்துக்கிச்சு. நான் சாத்தூர்க்காரியா, அது பேசுறதும் அப்படியே எங்க ஊர்ப் பேச்சு. ஒரு நா மைன்ஸ் பெரிய ஆபீசர் ஒருத்தரு வீட்டுக்கு வந்தாரு. இது வாசல்ல நின்னுக்கிட்டு, வாய்யா, சோறு தின்னியான்னு கேட்டுச்சு. அந்த மனுஷன் சிரிக்காம, தின்னுட்டேன் தாயின்னாரு.

நல்ல மனுஷி. ஒரு கெட்ட பழக்கம்தான், வீட்டுல ஒரு துரும்பு கெடந்தா தாங்காது. அவரு மெட்ராசுக்குப் போறேன்னு கார்ல ஏறினாரு, கார் தெருமுனை திரும்பல, இது வெளக்குமாத்த எடுத்துருச்சு. நான் ஓடிப் போய்ப் பிடுங்கினேன். ஆளு ஊருக்குப் போன ஒடனே கூட்டக்கூடாதும்மா, எங்கள்ல பொணத்த எடுத்துட்டுப் போனப்புறம்தான் அப்படிக் கூட்டிக் கழுவி விடுவோம்னேன். உங்க ஊர்லயும் அப்படித்தானா? பாத்தியா.

அந்தம்மா கையில வெளக்குமாறு இல்லாம அப்படியே நின்னுச்சு. பெறகு சமையக்கட்டுத் தரையில உக்காந்துக்கிச்சு. அப்போ எங்க வீடு செத்துப்போச்சுன்னு எங்கம்மாவுக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும் புஷ்பான்னுச்சு.

அப்போ அதுக்குப் பன்னெண்டு வயசாம். ஹிட்லர் சண்டை முடியப் போற சமயம். அது ஊரு ஜெர்மனிக்குக் கெழக்க ஒரு கோடி. எதிரிப் பட்டாளம் வருது, வருதுன்னு பேச்சு, பெறகு பீரங்கிச் சத்தமே கேக்குது. நல்ல பனிக்காலம். அது அம்மா வண்டியில குதிரையப் பூட்டி, பாத்திரம் படுக்கையெல்லாம் ஏத்திட்டு, இதையும் கைப்புள்ளத் தம்பியையும் உக்கார வச்சுட்டு, திரும்ப வீட்டுக்குள்ள போயிட்டாங்களாம். என்னன்னு போய்ப் பாத்தா வீட்டக் கூட்டுறாங்க. வர்ற பட்டாளத்தானுங்க, இது என்ன சீர்கெட்ட வீடுன்னு பேசிறக் கூடாதாம். தாத்தா மட்டும் வரலன்னுட்டாரு. மாட்ட யாரு பாப்பான்னு. உங்கப்பாவும் அதானே சொன்னாரு? ம். அந்தத் தாத்தா நடுவீட்டுல நாற்காலியில உக்காந்திருக்காரு. இவங்க கூட்டிக்கிட்டே அவருகிட்ட வர, அவரு ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டாராம், அடியில கூட்டறதுக்கு. தாத்தாவ நெனச்சா எனக்கு மொகம் ஞாபகம் இல்ல புஷ்பா, தூக்கின காலுதான் ஞாபகம்னுச்சு.

அதுக்கப்புறம் அவரப் பாக்கவே இல்ல.

வழியில கடலுக்குப் பக்கத்துல பெரிய உப்பங்கழி ஒண்ணு. நம்ம பிச்சாவரம் மாதிரின்னு வச்சுக்கயேன், ஆனா அக்கரை தெரியாது. அது உறைஞ்சு போயிருக்கு. அது மேல வண்டிய ஓட்டிக்கிட்டு அக்கரைக்குப் போனா கப்பல் கெடைக்கும்னு ஜனமெல்லாம் எறங்குது. எனக்குப் புரியல. தண்ணி மேல எப்படிம்மா வண்டி போவும்னு கேட்டேன். பிரிட்ஜைத் தொறந்து ஐஸ் தட்ட எடுத்துச்சு, அது மேல தீப்பெட்டிங்கள வரிசையா அடுக்குச்சு. இதான் வண்டி, இது நாங்கன்னு ஒண்ணக் காட்டுச்சு. பெறகு முன்னாடி இருந்த தீப்பெட்டிய வெரலால சுண்டி சிங்குக்குள்ள தள்ளிருச்சு. இப்படித்தான் போச்சு, சத்தமே இல்ல, நாங்க அந்த ஓட்டையச் சுத்திக்கிட்டு மேல போனோம்னுச்சு.

நீ படகுல வந்தப்போ எப்படி இருந்துச்சோ. இல்ல, சொல்ல வேண்டாம். சொல்லணும்னு தோணுற அன்னிக்குச் சொல்லு.

அந்தக் கைப்புள்ள அக்கரை போய்ச் சேருறதுக்குள்ள குளிர்ல போயிருச்சு. போனது தெரியாம எர்னாவே மடியில வச்சுக்கிட்டு வந்திருக்கு. கரையேறி, பொதைக்கலாம்னு பாத்தா மண்ணு கல்லாட்டம் உறைஞ்சு கெடக்கு. கடப்பாரை எறங்கல. ரெண்டு ஆம்பளைங்க மாத்தி மாத்திக் குத்தியும் ஒரு சாண் பேரல. கடைசில ரோட்டோரம் ஒரு மரத்தடியில வச்சு, மேல பனிய அள்ளிப் போட்டு மூடிட்டு வந்தாங்களாம். பனி உருகினா என்னாகும்னு இது கேட்டிருக்கு.

எனக்கு அப்பதான் ஒண்ணு வெளங்குச்சு. முந்தின மாசம் மெஷின் ஓட்டிப் பாத்தாங்க. ஆபீசருங்க வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் மைன்ஸ் பாக்கப் போனாங்க, டிபன் தூக்கிக்கிட்டு நானும் போனேன். நீ பாத்ததில்லையே. நாலு தெரு நீளம் இருக்கும், ராட்டினம் மாதிரி சக்கரம், சுத்தி வாளி வாளியா வச்சிருக்கும். அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு மண்ண வாரி எடுக்கும், நாம வெண்ணெய வழிக்கிற மாதிரி. எல்லாரும் கை தட்டுறாங்க. இந்தம்மா மட்டும் ஓரமா நின்னு அழுவுது. புருஷன் மாட்டின மெஷினு ஓடுது, சந்தோசத்துல அழுவுதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

இத்தன மண்ண வாருது, ஒரு முழக் குழி கெடைக்கலையே எங்களுக்குன்னு நெனச்சேன் புஷ்பான்னு அப்புறம் சொல்லுச்சு.

எனக்கு வயிறு பத்திக்கிச்சு. நானும் பெத்தவதானே. அந்தப் பட்டாளத்தானுங்களப் பெத்தவளுங்க நல்லா இருப்பாளுங்களா, அவளுங்க வயிறும் இப்படி எரியணும்னு வாய்விட்டுச் சொல்லிட்டேன். அந்தம்மா கண்ணத் தொடைச்சுட்டு என்னையே பாத்துச்சு. அப்படிச் சொல்லாத புஷ்பா, எங்க அண்ணனும் பட்டாளத்துல இருந்தான், அவன்தான் மொத அவங்க ஊருக்குப் போனான், நாங்க கெளம்புறதுக்கு ரொம்ப நாளைக்கு முந்தியே போனான், அங்க இருந்த பொம்பளைங்க எங்கம்மாவத்தானே சபிச்சிருப்பாங்கன்னுச்சு. அவனும் திரும்பல. எங்க கெடக்கான்னு இன்னிக்கு வரை தெரியாதாம்.

நான் அந்த வெள்ளிக்கெழமை முருகன் கோயில்ல போய், தெரியாமப் பேசிட்டேன், என் வாக்குப் பலிக்க வேண்டாம்னு வேண்டிக்கிட்டேன்.

மோரு அப்படியே இருக்கே. வேண்டாமா. சரி, வை.

தாயி, இப்ப நான் சொல்ல வந்ததச் சொல்றேன். அம்சவல்லி சொல்லியிருக்க மாட்டா, நான்தான் என் வாயால சொல்லிக்கறேன்னு தடுத்து வச்சேன். நீ உக்காந்திருக்கியே அந்தப் பொட்டி, போர்வைய வெலக்கிப் பாரேன். வெள்ளைப் பெயிண்டுல பேரு எழுதியிருக்கும். கருணாகரன். பக்கத்துல இருக்கே அது அவன் நம்பரு.

ஆமா. இந்தியப் பட்டாளத்துப் பொட்டிதான்.

மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல ஒரு வருஷம் நாயா அலைஞ்சான். பர்மனென்ட் ஆகுற வழி தெரியல. பட்டாளத்துல சேந்துட்டு வந்து, அம்மா, நான் சேந்த அன்னிக்கே பர்மனென்டுன்னு என்னைத் தூக்கிச் சுத்தினான். போன ஆவணியில லீவுல வந்தான். இங்கதான் படுத்தான். தந்தி வந்து பாதி லீவுல கூப்பிட்டுட்டாங்க. எங்கடான்னேன். சிலோனுக்கும்மா, நம்ம ஜனம்தான், நம்ம பாஷைதான், நல்லூர்ல முருகன் கோயில் இருக்காம், உனக்குத் திருநீறு வாங்கியாறேன்னு சொல்லிட்டு நடையெறங்கினான். நீ ஊர விட்டுக் கெளம்புனது ஐப்பசின்னியே. அவனும் அந்த ஐப்பசியிலதான்.

பொட்டி மட்டும் வந்துச்சு தாயி. உடம்ப அங்கயே எரிச்சுட்டாங்களாம்.

அவன் அங்க என்ன செஞ்சான், யாரச் சுட்டான், சுடவே இல்லையா, எனக்குத் தெரியாது. எறும்ப மிதிச்சா கால எடுத்துப் பாக்கற புள்ள. ஆனா எல்லாப் பெத்தவளும் அதத்தான் சொல்லுவா. உங்கம்மா அன்னிக்கு யார வைஞ்சுக்கிட்டு முத்தம் கூட்டினாங்களோ, அதுல நானும் இருக்கேன். இருக்கட்டும். நான் அதுக்கு வருத்தப்படல. நீங்க அந்தக் கந்தன்கிட்ட அழுதீங்க, நான் இங்கிருந்து அதே கந்தன்கிட்ட அழுதேன். ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் கேட்டா அவருதான் பாவம், யாருக்குக் குடுப்பாரு.

சாம்பல்னு சொன்னேன்ல, அது பொய். வர்றப்போ முன்கட்டுத் தரையப் பாத்தியே, கண்ணாடி மாதிரி இருக்குல்ல. இந்த ரூமத்தான் நான் கூட்டல. ஊருக்குப் போறவன், ஒடனே கூட்டக்கூடாதுன்னு அன்னிக்கு விட்டேன். மறுநாளு கூட்டியிருக்கலாம், அவன் கால் தடம் அந்த ஜன்னல்கிட்ட லேசாத் தெரிஞ்சுச்சு, மனசு வரல. சேதி வந்தப்புறம், கூட்டிக் கழுவி விடு புஷ்பம்னு சொந்தக்காரங்க சொன்னாங்க. பொணத்த எடுத்துட்டுப் போனாத்தானே கூட்டிக் கழுவுவோம். இந்த வாசப்படியில பொணம்னு எதுவும் உள்ள வரல, வெளிய போகல. எதுக்குன்னு நான் கூட்டுவேன்.

எந்திரிச்சிட்டியா. போ தாயி, தப்பில்ல. உங்கம்மாகிட்ட சொல்லு, சொல்லாம விட்டாங்கன்னு இருக்கக்கூடாது. அம்சவல்லிகிட்ட வேற எடம் பாக்கச் சொல்றேன்.

என்ன?

வெளக்குமாறா? கதவுக்குப் பின்னாடி இருக்கு. அதத் தொட்டே பல மாசம் ஆச்சு, கட்டு தளர்ந்திருக்கும், தட்டிக் கட்டிக்க.

ஜன்னல் பக்கத்துல இருந்து ஆரம்பி. இல்ல, நான் வெளிய போகல, இங்கயே இருக்கேன். கூட்டு தாயி, நான் காலத் தூக்கிக்கறேன்.