மல்லாந்து விழும் கோபுரம்

பிள்ளைகளே, செவிலிமேடு பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர் மடியில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்த பழைய கேமரா. அதன் பின்னால் ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவைப் பொருத்தியிருந்தார்.

"மத்த கேமராவுல நம்ம கோயில் கோபுரம் மல்லாந்துக்கினே விழுதும்மா. இதுல லென்ஸ மட்டும் மேல ஏத்தினா நேரா நிக்குது. ஆனா படம் முழுக்கப் புள்ளி."

"மடிப்புக் கிழிசலுக்கு இன்னா ஒட்டினீங்க?"

"நம்ம தறியில சேலைக்குப் பூ புட்டா போடற பழைய டிசைன் அட்டை."

"அதுல அத்தனை ஓட்டை இருக்குதேங்க! வெளிச்சம் உள்ள பூந்து புட்டா போடாம இன்னா பண்ணும்?"

"டேப் ஒட்டினேன், உரிஞ்சிக்கிச்சு. நாளைக்குக் கோபுரத்துக்குச் சாரம் கட்டி மூடிடுவாங்க. ஒரே ஒரு தடவை நேரா எடுத்துடணும்னு இருந்தேம்மா."

ஜன்னல் வழியாக, பின்னால் போகும் கோபுரத்தை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா பையிலிருந்து கறுப்புக் குடையை உருவினார்.

"எழுந்திருங்க, எறங்கித் திரும்பிப் போலாம். வெயில் இன்னும் இருக்குது. சாமிக்குப் புடிக்கிற மாதிரி உங்க கேமராவுக்குக் குடை புடிக்கிறேன்."