மொட்டைமாடிப் பிறை

குற்றாலம் பேரருவி வரிசையில் எனக்கு முன்னால் இருவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில், சண்டை நடக்கும் வளைகுடா நாடொன்றில் பெயிண்டராக இருந்து திரும்பியிருந்த ஒருவர், கையை விரித்து விரித்துப் பேசினார்.

“நான் வரைஞ்சத பிளேன் ஓட்டுதவன் மட்டும்தான் பாப்பான், மச்சான். ஆஸ்பத்திரி மொட்டைமாடி முழுக்க செவப்புப் பிறை, நம்ம ஊரு செஞ்சிலுவை மாதிரி. இங்கன குண்டு போடாதேன்னு அடையாளம். சுத்திலும் விழுந்துச்சு, ஆஸ்பத்திரியில ஒரு கீறல் இல்ல.”

“பொறவு ஏம்லே வேலைய விட்ட?”

“பக்கத்துல வெடிமருந்து குடோன். அது மேலயும் பிறை போடச் சொன்னாங்க. முடியாதுன்னு வந்துட்டேன்.”

“போட்டிருந்தா குடோனும் தப்பிச்சிருக்கும்லா?”

“தப்பிக்கும். ஒருக்கா பொய்யின்னு தெரிஞ்சுட்டா, ஆஸ்பத்திரி மேல இருக்கத எவம்லே நம்புவான்?”