தெளியாத தொட்டி

மீன் தொட்டியில் பாசி பிடிப்பது உலகத்தில் இல்லாத அதிசயம் ஒன்றும் இல்லை. தண்ணீர், வெயில், கொஞ்சம் அழுக்கு இருந்தால் போதும், பாசி தானாக வந்துவிடும். மதுரையில் தண்ணீருக்குப் பஞ்சம் வந்ததுண்டு. மற்ற இரண்டுக்கும் வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

என் வீட்டுத் தொட்டி மட்டும் ஏன் தெளியவில்லை என்று நேரடியாகக் கேட்டுவிட்டீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். என் பெயர் துளசிராம். முப்பத்தைந்து வருடம் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டவன். கிளிப்பச்சைக்கும் பாசிப்பச்சைக்கும் நடுவில் ஏழு பச்சை உண்டு என்றால் சிரிப்பீர்கள். எனக்கு ஏழும் தனித்தனியாகத் தெரியும்.

அடுத்த வீட்டுப் பசுபதி சார் கோயில் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தங்கமான மனிதர். எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் ஒரு கோப்பு முடியவில்லை என்று பதினோரு நாள் சம்பளமில்லாமல் ஆபீசுக்குப் போனவர். மனைவி போன பிறகு அவருக்கு இருந்த ஒரே பிரியம் எட்டு ஏஞ்சல் மீன்கள்தான். காலை ஏழு மணிக்குக் காபிக்கு வருவார், ஒன்பது வரை பேசுவோம். எனக்கும் என் மனைவி சூடாமணிக்கும் பேச வேண்டியதெல்லாம் எப்போதோ பேசி முடிந்துவிட்டது. அந்த இரண்டு மணி நேரம்தான் எனக்கு நாள்.

மூன்று வருடத்துக்கு முன் அவருடைய மகன் ஜெயராம் ஓசூரிலிருந்து கூப்பிட்டான். மருமகளுக்குப் பிரசவ நேரம், அப்பா இங்கேயே வந்து இருக்கட்டும் என்றான். சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தொட்டியையும் மீன்களையும் என் வீட்டுக் கூடத்தில், மேற்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுத்தார்.

"துளசிராம், எடம் மாத்துன தொட்டியில மொதல்ல பாசி வரத்தான் செய்யும். ஆறு வாரத்துல தண்ணி தெளிஞ்சிரும். தெளிஞ்ச மறுநாள் நான் கெளம்புறேன்."

"அரைகொறையா விட்டுட்டுப் போயிராதீக சார்" என்றேன். அவரிடம் எதைச் சொன்னால் வேலைக்கு ஆகும் என்று எனக்குத் தெரியும்.

தினமும் வந்து சொல்லிக் கொடுத்தார். விளக்கு ஆறு மணி நேரம் போதும். தீனி ஒரு சிட்டிகை. வாரத்துக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். ஜன்னல் திரையைத் திறக்கவே கூடாது. அத்தனையும் சரியான யோசனைகள். ஐந்தாவது வாரமே தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு எனக்குக் காபி இறங்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு திரையை விலக்கினேன். மூன்று மணி நேரம் நல்ல வெயில். அதோடு அரிசி களைந்த தண்ணீர் ஒரு தம்ளர்.

"அந்தத் தண்ணிய எங்க கொண்டு போறீங்க?" என்று எங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் சூடாமணி கேட்டாள்.

"செடிக்கு" என்றேன். பாசியும் செடி வகைதானே, பொய்யில்லை.

பாசியை ஒழிப்பது எப்படி என்று ஆயிரம் பேர் சொல்வார்கள். கட்டுக்குள் வைப்பது வேறு. தினமும் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் எடுத்து, சாயப் பட்டறையில் செய்வது போல, பின்னால் வெள்ளைத் துணியைப் பிடித்துப் பார்ப்பேன். வெளிறின கிளிப்பச்சை, அதுதான் பதம். அதற்குமேல் போனால் மீனுக்கு மூச்சு முட்டும், குறைந்தால் சார் பையை எடுத்துவிடுவார். இரண்டரை வருடத்துக்கு மேல், ஒரே ஒரு நாள் தவிர, அந்தப் பதத்தை நழுவவிடவில்லை. மீன் ஒன்றுகூடச் சாகவில்லை. பட்டறையில்கூட நான் இவ்வளவு சுத்தமாக வேலை பார்த்ததில்லை.

சார் சும்மா இருப்பாரா? கண்ணாடியில் ஒட்டும் பாசியைத் தின்னும் டேங்க் கிளீனர் மீனை அவனியாபுரத்தில் அழகுபாண்டி கடையில் வாங்கி வந்தார். இரண்டு நாளில் அதை ஷேர் ஆட்டோவில் கொண்டுபோய்க் கடையிலேயே கொடுத்துவிட்டு, செத்துப்போச்சு என்று சாரிடம் சொன்னேன். அவர் மறுபடி போய் வாங்கினார். அதே மீன். மூன்றாம் தடவை அழகுபாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, இம்புட்டு ராசியான மீனை நான் பாத்ததே இல்லண்ணே. அடுத்த வாரமும் கொண்டாங்க."

சார் மட்டும், "இதுக்கும் வால்ல வெட்டு இருக்கே" என்று கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். நான் காபியைக் கொடுத்தேன்.

நடுவில் பேத்தி பிறந்தாள். மைத்ரேயி. பெயர் வைக்கப் பத்து நாள் தங்குவதாகச் சொல்லிப் போனார். இரண்டாம் நாளே போன் போட்டேன். "மீனெல்லாம் மேல வந்து வாயத் தெறக்குது சார்." அது உண்மை. அன்றைக்கு இரண்டு தம்ளர் ஊற்றியிருந்தேன். அன்று மாலையே பஸ் ஏறிவிட்டார். பாருங்கள், எவ்வளவு பொறுப்பு.

அதற்குப் பிறகு பேத்தியை வீடியோ காலில்தான் பார்த்தார், என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து. பின்னால் தொட்டி தெரியும் என்பதால் குழந்தை அவரைப் பச்சைத் தாத்தா என்று கூப்பிட்டது. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும்.

போன மாதம் ஜெயராம் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தான். சார் இரண்டு கையையும் நீட்டினார். அது அப்பன் காலைக் கட்டிக்கொண்டது.

"தாத்தாடி, போ" என்றான் ஜெயராம்.

குழந்தை அவன் சட்டைப் பையில் இருந்த போனைக் காட்டியது. "தாத்தா இதுக்குள்ளல்ல இருக்காரு?"

சின்னப் பிள்ளைகள் அப்படித்தான் பேசும். சார்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டார். அவர்கள் போன பிறகு வெகுநேரம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாசி இருந்தா இருந்துட்டுப் போகுது, துளசிராம். இந்த ஒரு வேலை அரைகொறையாவே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம நான் போறேன்."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்கு உண்மையாகவே பயமாகிவிட்டது. மனம் உடைந்த மனிதர், அறுபத்தெட்டு வயது, தெரியாத ஊர். சனிக்கிழமை மதியம் அரிசித் தண்ணீர் ஒரு பானை சேர்த்து வைத்திருந்தேன். முழுவதையும் ஊற்றினேன். வெள்ளைத் துணி பிடித்துப் பார்க்கவில்லை.

விடிந்தபோது ஐந்து மீன்கள் பக்கவாட்டில் மிதந்தன. சார் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து முருங்கை மரத்தடியில் புதைத்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு மகனுக்குப் போன் போட்டார். "மிச்சம் மூணு கெடக்குடா. இந்த நெலமையில விட்டுட்டு எப்படி வர்றது? புதுத் தண்ணி தெளிய ஆறு வாரமாகும்."

பையிலிருந்து சட்டைகளை எடுத்துக் கொடியில் மாட்ட நான்தான் உதவினேன். மறுநாள் ஏழு மணிக்குக் காபிக்கு வந்தார். அந்த ஐந்து மீனும் நான் கொன்றவைதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு மனிதரைத் தனியாகத் தவிக்க விடக் கூடாது என்று இந்தத் தெருவில் யோசித்தது நான் ஒருவன்தான்.