சத்தம் வராத பியானோ

மரக்காணம் தாண்டி உப்பளங்களின் ஓரமாகப் பஸ் போய்க்கொண்டிருந்தது. முன் சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "எங்க ஓட்டல் பியானோவுல சத்தமே வராதுண்ணே. ஆனா தினம் வாசிக்கிறேன்" என்றாள். ஒரு காலத்தில் ஆரோவில்லில் நான்கு பேராக இரண்டு பியானோ வாசித்த குழுவில் இருவரும் இருந்திருக்கிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"உப்புக் காத்துல கம்பியெல்லாம் துருப்பிடிச்சிடுச்சு. ஓனரு மாத்த மாட்டேங்கிறாரு. சிடி போட்டுக்கிட்டு கைய மட்டும் ஆட்டுன்னுட்டாரு."

"அதுக்கு வேலையையே விட்டுடலாமேம்மா."

"விட்டுட்டு? நீங்க செல்போன் கடையில நிக்கிறீங்க. ஜோசப்பு துபாய்ல வண்டி ஓட்டுறான். மாலா கல்யாணத்தோட நிறுத்திட்டா. பியானோ முன்னாடி உக்கார்றது நான் ஒருத்திதான்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்ன சிடி போடுறாங்க?"

"நம்ம சிடிதாண்ணே. நாலு பேரும் வாசிச்சது. என் பங்கு வர்றப்ப கை தானா சரியா விழுது. உங்க பங்கு வர்றப்ப சும்மா தடவிக்கிட்டு இருப்பேன்."

அவள் மடிமேல் விரல்களை ஓட்டிக் காட்டினாள்.

"எட்டு கை வாசிக்கிற சத்தம் வருது, உக்காந்திருக்கிறது ஒருத்தி. ஒரு வருஷமாச்சு. எப்படின்னு இன்னும் ஒருத்தர்கூட கேக்கலண்ணே."