பாதி அடி

— வேண்டாமுங்க அம்மிணி. அந்தப் பப்ஸ் பொட்டலத்தை எடுத்துட்டுப் போங்க. நாளைக்கு உங்க தம்பி ஜெயிக்கோணும்னா அவனே ஆடி ஜெயிக்கட்டும்.

— என்ன தனபாலண்ணே, திடீர்னு இப்படிச் சொல்றீக? ஒரு மாசமா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நீங்கதான ராஜ்கமல ஜெயிக்க வச்சீக?

— வச்சனுங்க. நீங்க இதே எடத்துல நின்னு அழுதீங்க, நானும் மனசு கேக்காம வச்சேன். இப்பக் கடையப் பாருங்க. முந்தியெல்லாம் எட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஆளு வெளிய நிப்பாங்க. ஒட்டு மொத்த மண்ணரை ஊரும் இங்கதான் கெடக்குதான்னு என்ற சம்சாரமே கேப்பா. நாளைக்கு நாலு பேருதான் பேரு குடுத்திருக்கறாங்க. காசிமாயன் வீரபாண்டியில வேற பிரவுசிங் சென்டருக்குப் போயிட்டானுங்க.

— போறான் விடுங்க. எந்தம்பியோட ஒரே டேபிள்ல துணி வெட்டுனவன்தான அவன்? மிஷின்ல ரெண்டு வெரலக் குடுத்துட்டு வந்து நிக்கிற பெயகிட்ட நாலு தடவ தோத்தா, தொரைக்கு மீசை உதுந்திருமாக்கும்?

— தோத்ததுக்குக் கோவிச்சுக்கலீங்க அவன். அது வேற. செத்த உக்காருங்க, சொல்றேன். அந்த ஸ்டூலு ஆடும், இதுல உக்காருங்க.

— எனக்கு வெளாட்டப் பத்தி என்னண்ணே தெரியும்? பனியன் கம்பெனி செக்கிங்ல துணியில ஓட்டை பாக்கத்தான் தெரியும்.

— அது போதுமுங்க, இதுலயும் ஓட்டை பாக்கற வேலதான். பாருங்க, இந்தப் பக்கம் நாலு பேரு, அந்தப் பக்கம் நாலு பேரு. ஒயர்ல எட்டையும் கோத்தாச்சு. ஒருத்தன ஒருத்தன் தேடித் தேடிச் சுடோணும். ஆளுக்கு நூறு உயிரு. ஒடம்புல குண்டு பட்டா கொஞ்சங் கொறையும். தலைல பட்டா அத்தோட ஆளு அவுட்டு. அவ்வளவுதானுங்க ஆட்டம். கஷ்டமெல்லாம் பரிசு வைக்கறதுலதான் இருக்குது.

— பரிசு வைக்கிறதுல என்னண்ணே கஷ்டம்?

— அப்படித்தான் நானும் நெனச்சேன். மொதல்ல ஒரு ஆளச் சுட்டா ஒரு பாயின்ட்டு, பத்துப் பாயின்ட்டுக்கு ஒரு மணி நேரம் சும்மா ஆடலாம்னு வச்சனுங்க.

— பீஸ் ரேட்டு. எத்தன பீஸோ அத்தன கூலி.

— ஆங், கப்புனு புடிச்சீங்க! பீஸ் ரேட்டேதானுங்க. வாரம் பூரா ஓவர்லாக் மிஷின்ல உக்காந்த பசங்க, இங்கயும் அப்படியே உக்காந்துட்டாங்க. சிரிப்பில்ல, கிண்டலில்ல. கூட்டாளிய நாலு பேரு சுத்தி வளைச்சாலும் எவனும் திரும்பிப் பாக்கறதில்ல. காப்பாத்துனாப் பாயின்ட்டு இல்லீங்களே.

— கம்பெனியிலயும் அதான நடக்குது? ஒருத்தி வெரல்ல ஊசி ஏறி அலறுவா, பக்கத்து மிஷின் நிக்காது.

— அதனால நாள் கூலியாட்டம் ஷிப்டுக் கணக்குக்கு மாத்துனேன். ஜெயிச்ச டீமுல சுட்டவன், சுடாதவன் எல்லாருத்துக்கும் ஒரு டீ, ஒரு பப்ஸ். உடனே கெட்டிக்காரனெல்லாம் ஒரே பக்கம் போயி ஒட்டிக்கிட்டான். எதுத்தாப்புல நிக்க எவன் வருவான், சொல்லுங்க?

— நானா இருந்தாலும் வர மாட்டேன்.

— பத்து நாளு மண்டையக் கொடஞ்சு ஒண்ணு கண்டுபுடிச்சேன். தோத்த டீம்தான் அடுத்த ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கோணும். அன்னைல இருந்து கடை தராசு மாதிரி நின்னுச்சுங்க அம்மிணி! எந்தப் பக்கம் சாயும்னு எனக்கே தெரியாது. தோத்தவந்தான் அதிகமாச் சத்தம் போட்டுச் சிரிப்பான். பரிசு சின்னதா இருக்கோணும், முடிவு தெரியாம இருக்கோணும். அதுலதான் ருசியே.

— சரிண்ணே, எந்தம்பிக்கு நீங்க என்னதான் பண்ணுனீக?

— அவனுக்கு மட்டும் பாதி அடி வச்சனுங்க. இந்த மெயின் கம்ப்யூட்டர்ல இருந்து மாத்தலாம், யாருக்கும் தெரியாது. மத்தவனுக்கு நாப்பது கொறைக்கற குண்டு அவனுக்கு இருவதுதான் கொறைக்கும், தலைல பட்டாலும் பாதி உயிரு மிஞ்சும். எடது கையில மவுஸ் பழகற வரைக்கும் இருக்கட்டும்னு பாத்தேன்.

— அதுல யாருக்கு என்னண்ணே நட்டம்?

— போன வாரம் காசிமாயன் அவனத் தலையில சுட்டானுங்க. நேருக்கு நேரு. உங்க தம்பி சாவல, திருப்பிச் சுட்டு ஜெயிச்சுட்டான். காசிமாயன் எந்திரிச்சு வந்து அவன்ற மானிட்டர எட்டிப் பாத்தான். செருப்ப மாட்டிட்டுப் போயிட்டான். சுட்டாச் சாவோணும், அது ஒண்ணுதானுங்க இந்த ஆட்டத்துல நெசம். அதையும் நானே எடுத்துட்டா அப்பறம் என்னத்த ஆடறது?

— நெசம் வேணும்னா அவனுக்கு வாரம் பூரா கம்பெனி இருக்குல்ல? எந்தம்பிக்கு என்ன இருக்கு? ஆசுபத்திரியில இருந்து வந்ததும் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்தவன்ணே. என்ன கேட்டாலும் ‘ம்’. எடது கையால சோத்த அள்ளுவான், பாதி மடியில கொட்டும். அதப் பாத்தா எனக்குத் தொண்டையில எறங்காது. என் தட்ட அப்படியே மூடி வச்சிருவேன்.

— ம்.

— ஞாயித்துக்கெழம மட்டுந்தான், லைன் வீட்டுச் சந்துக்குள்ள நொழையும்போதே ‘அக்கா, ஜெயிச்சுட்டேன்’னு சத்தம் கேக்கும். எவன் எந்தப் பெட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சான், இவன் எப்படிச் சுத்தி வந்தான்னு சாப்பிட்டுக்கிட்டே சொல்லுவான். எனக்கு ஒண்ணும் வெளங்காது. நானும் சிரிச்சுக்கிட்டே ரெண்டாந் தடவ சோறு போட்டுக்குவேன்.

— அம்மிணி…

— வாரத்துல ஒரு நாளுண்ணே. அந்த ஒரு நாளு அவன் பழைய ராஜ்கமலா இருக்கான். அதப் புடுங்கிராதீக. காசிமாயன் கால்ல விழுந்தாவது நான் கூட்டியாறேன்.

— அழுவாதீங்க கண்ணு. சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கான். ஆனா என்னால இதச் சொமக்க முடியலீங்க.

— யாரு சத்தியம் வாங்குனது?

— உங்க தம்பிதானுங்க. நேத்துச் சாயந்தரம், கரன்ட்டு போன நேரமாப் பாத்து வந்தான். அந்த ஆடற ஸ்டூல்லதான் உக்காந்தான்.

— எதுக்கு வந்தான்?

— மூணு வருசமா ஆடறவனுங்க. தன்ற மேல எத்தன குண்டு பட்டுச்சு, எத்தன உயிரு கொறஞ்சுதுன்னு பாக்காமயா இருப்பான்? மொத வாரமே தெரிஞ்சு போச்சாம்.

— தெரியுமா? எல்லாந் தெரிஞ்சுக்கிட்டா வீட்டுல அப்படிச் சிரிச்சான்?

— எடது கையில மவுஸ் பழகிப் பழகி மணிக்கட்டு வீங்கியிருந்துச்சுங்க. ‘முழு அடி வாங்கித் தோத்தாலும் நான் ஒரு ஆளுண்ணே. இது என்னைய ஆட்டத்துக்கே சேக்காத மாதிரி இருக்கு’ன்னான். காசிமாயன் போனதச் சொல்லும்போது தேம்பித் தேம்பி அழுதுட்டான்.

— அய்யோ… அப்ப அத எடுத்துருங்கன்னு கேக்கத்தான் வந்திருக்கான்.

— நானும் அப்படித்தான் நெனச்சு, ‘கரன்ட்டு வரட்டும்டா, மொத வேலையா மாத்திடறேன்’னேன். டக்குனு என்ற கையப் புடிச்சுக்கிட்டான். ‘மாத்திராதீகண்ணே, நான் ஜெயிச்சுட்டு வர்ற அன்னைக்கு மட்டுந்தான் எங்கக்கா தட்ட மூடாமச் சாப்பிடுது’ன்னான்.