கீழ வயல்ல ஒண்ணும் இல்லையாம்

பூட்ஸெல்லாம் கழட்ட வேணாம் கண்ணு, அப்படியே உள்ள வா. இந்தத் தரை பாக்காத சேறா. மெஷின மட்டும் கதவோரம் சாத்தி வை. பூனை வயரக் கடிக்கும். பேரு என்ன சொன்ன, கெய்லியா? ஆமா, எனிட் தர்ல்பி நான்தான். மண்ணுக்கடியில காசு, உலோகம் தேடற இந்த மெஷினக் கீழ வயல்ல ஓட்டப் பர்மிஷன் கேட்டு வந்திருக்க, அதானே? கையில பேப்பர் வேற. கையெழுத்துப் போடற எடத்துல பென்சில்ல குறிகூட வச்சிருக்க. உங்க தேடற கிளப்பு நெவில் சொல்லிக்குடுத்தாரா? நெனச்சேன். கதவ மூணு தட்டு தட்டிட்டு ரெண்டு எட்டு பின்னாடி போய் நின்ன பாரு, அதுவும் அவரு பாடம்தான்.

உக்காரு. டீயில பால் கொஞ்சம் கூடப் போச்சு, குடிச்சுக்க.

கிளப்புல என்ன சொன்னாரு? கீழ வயல் செத்துப்போச்சு, நான் விட்டுட்டேன், ஆசையிருந்தா நீ போய் அந்தம்மாகிட்ட கேளுன்னா? ம்ம். எங்கிட்டயும் போன ஞாயித்துக்கிழமை அதேதான். இன்னைக்குப் பதினோரு மணிக்கு வருவாராம், கடைசியா ஒரு சுத்து சுத்துவாராம், வயல் கேட்டோட சாவியக் குடுத்துட்டுப் போயிருவாராம். அப்புறம் மெஷின வித்துட்டு கடலோரம் ஸ்கெக்னஸ்ல மக வீட்டுக்குப் பக்கத்துல போய் இருக்கப் போறாராம். அங்க புல்தரையில பந்து உருட்டி வெளையாடுவாங்களாமே, அதுல சேரப்போறாராம். வெள்ளை பேன்ட்டு, வெள்ளை சட்டை போட்டுக்கிட்டு. நெவில்! வெள்ளை பேன்ட்டுல! அந்த மனுஷன் முழங்காலுக்குக் கீழ என்ன நெறம்னு பதினாறு வருஷமா நான் பாத்ததில்ல, எப்பவும் சேறு.

அதனால உம் பேப்பர்ல கையெழுத்துப் போடறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. கோச்சுக்காத. கேளு முதல்ல.

அவரு மொதல்ல வந்தப்ப எங்க வீட்டுக்காரரு ஹெர்பர்ட் போய்ச் சேந்து நாலு மாசம். தொப்பியக் கையில புடிச்சுக்கிட்டு இதே எடத்துல நிக்கிறாரு. நான் கேஸ் மீட்டர் பாக்க வந்த ஆளுன்னு நெனச்சு, மாடிப்படிக்கு அடியில இருக்குது பாருன்னுட்டேன். மனுஷன் மறுபேச்சு பேசாம உள்ள பூந்து, தொடப்பத்தையெல்லாம் ஒதுக்கி, மீட்டரப் பாத்து நம்பரு எழுதிக்கிட்டு வந்து குடுத்துட்டு, அப்புறம் கேக்குறாரு, அம்மா, ஒங்க வயல்ல தேடலாமான்னு. இந்த மாதிரி ஆளுக்கு எப்படி முடியாதுங்கறது?

ஒப்பந்தம் தெரியும்ல? கெடைக்கறதுல பாதி தேடறவங்களுக்கு, பாதி நெலத்துக்காரங்களுக்கு. எல்லாரும் தங்கம் கெடைச்சா பாதின்னு எடுத்துக்குவாங்க. இவரு எழுத்து மாறாம எடுத்துக்கிட்டாரு. ஞாயித்துக்கிழமை வந்தா இந்த மேசையில பழைய பேப்பர விரிச்சு, அன்னைக்குக் கெடைச்ச குப்பை அத்தனையும் ரெண்டு வரிசையா பிரிப்பாரு. பீர் டின் மேல இழுக்கற வளையம், உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. தோட்டாவோட பித்தளை அடி, உங்களுக்கு ஒண்ணு எனக்கு ஒண்ணு. ஒத்தையா மிஞ்சினா, அம்மா நீங்க எடுத்துக்கங்கன்னு ஏதோ கிரீடத்தத் தூக்கிக் குடுக்கற மாதிரி குடுப்பாரு. ஒருதரம் பழைய காலத்து வெள்ளிக்காசு ஒண்ணு கெடைச்சுது. சில்லறை இல்லைன்னு அந்தக் காலத்துலயே யாரோ ரெண்டா வெட்டின பாதிக்காசு. பாதிக்காசுல பாதி எனக்குன்னு நான் கத்திரிக்கோலத் தேடினேன் பாரு, மனுஷன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. வெளையாட்டுக்குத்தான்யான்னு சொல்லி, ஒரு டீ குடுத்துத்தான் நெறம் வந்துச்சு.

சிரிக்கிறியா? இன்னும் கேளு. எங்க மாமனாரு பல்செட்டு இருந்துச்சே, உலோகத் தகடு வச்சது, அறுபத்தொண்ணுல காணாமப்போச்சு. பீட்ரூட்டுக்குக் களை எடுக்கறப்ப தும்மியிருக்காரு, பறந்துருச்சு. அவரு ஒத்துக்குவாரா? நாய் முழுங்கிருச்சுன்னுட்டாரு. ஒரு வாரம் அந்த நாய் பின்னாடியே குச்சியும் கையுமா சுத்துனாங்க, எதுக்குன்னு நீயே புரிஞ்சுக்க. நாய் செத்தப்பகூட மாமனாரு மன்னிக்கல. அம்பது வருஷம் கழிச்சு நெவில் அந்தப் பல்லத் தோண்டி எடுத்துட்டு வந்து, பைப்புல கழுவி, இந்த மேசையில வச்சு, மேல பாதி வேணுமா கீழ பாதி வேணுமாங்கறாரு! நான் சிரிச்ச சிரிப்புல நாற்காலியோட சாஞ்சுட்டேன். ஹெர்பர்ட் போனதுக்கப்புறம் சிரிச்ச மொத சிரிப்பு அது.

சரி சரி, எங்க விட்டேன். ஆங், என் பங்கு. அதையெல்லாம் நான் இரும்புக்கடைக்காரனுக்குப் போட்டுடறேன்னு அவரு நெனச்சுட்டிருக்காரு. போடல. அந்த அலமாரியத் தெறயேன். ஐஸ்கிரீம் டப்பா. வருஷத்துக்கு ஒண்ணு, மேல நானே எழுதி ஒட்டியிருக்கேன். ஏன்னு கேக்காத. சில பேரு தபால்தலை சேக்கறதில்லையா?

அந்த மேல வரிசை டப்பா ஒண்ண எடு. எதுன்னாலும் எடு. என்ன இருக்கு? பித்தளை பட்டன். பக்கிள். தைக்கறப்ப விரல்ல மாட்டற தொப்பி. ஈயக் குண்டு. சின்னதா ஒரு மணி. இப்ப கடைசியா இருக்கற ரெண்டு டப்பாவ எடு. பாத்துத் தூக்கு, கனக்கும். என்ன இருக்கு?

லாடம். ஆணி. சங்கிலிக் கண்ணி. ஒடைஞ்ச கலப்பைக் கொழு. ட்ராக்டர் போல்ட்டு. அப்புறம்? அவ்வளவுதான். ரெண்டு வருஷம் முழுக்க இரும்பு.

இப்ப நீ சொல்லு, உங்க ஆளுங்க யாராவது இரும்பத் தேடித் தோண்டுவாங்களா? மாட்டாங்கல்ல. அத ஒதுக்கத்தானே அந்த மெஷினே. நெவில்தான் எனக்குச் சொல்லிக்குடுத்தாரு. இரும்புன்னா பன்னி உறுமற மாதிரி தடிச்ச சத்தம். பித்தளைன்னா கொஞ்சம் மேல. வெள்ளின்னா கீச்சுன்னு, விசில் மாதிரி, அந்தச் சத்தம் காதுல விழுந்தா நெஞ்சே ஒரு துடிப்பு விட்டுத் துடிக்கும் எனிட்னாரு. உன் மெஷின்ல என்ன உலோகம்னு ஸ்க்ரீன்ல நம்பரு தெரியுமோ? அவரோடது பழசு, சத்தம் மட்டும்தான். ஸ்க்ரீனப் பாத்துக்கிட்டு வயல்ல நடக்கறவன் டிவி பாக்கப் போகட்டும்பாரு.

பாத்தியா, உனக்குப் புரிஞ்சுருச்சு. எனக்கு ஒரு வருஷம் புடிச்சுது.

போன வருஷம் ஈஸ்டர் அன்னைக்கு, அதோ அந்த விசில் கெட்டில், அடுப்புல கத்துது கத்துது. நான் தோட்டத்துல இருக்கேன், அங்க வரைக்கும் கேக்குது. இவரு அதுக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு ஆணியத் தொடச்சிட்டிருக்காரு. நிம்மதியா. என்ன நெவில், காதுல விழலையான்னேன். எதுங்கறாரு. அப்பத்தான் எனக்கு டப்பா ஞாபகம் வந்துச்சு.

வயல் சாகல கண்ணு. அவரு காதுல அந்தக் கீச்சு சத்தம் செத்துப்போச்சு. தடிச்சது மட்டும் கேக்குது, அதத் தோண்டறாரு. வெள்ளி மேலயே நடந்து போறாரு. அப்புறம் இங்க வந்து உக்காந்துக்கிட்டு, வயல் முடிஞ்சுபோச்சு எனிட்ங்கறாரு.

சொல்லாம இருப்பனா? சொன்னேன். காதக் கொஞ்சம் டாக்டர்கிட்ட காட்டேன்னேன். இந்தக் காலத்து ஜனங்க வாய்க்குள்ளயே பேசுதுன்னாரு. நான் வாய்க்குள்ளயா பேசறேன்? இந்தத் தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க என் தொண்டையப் பத்தி. ரெண்டாம் தரம் சொன்னேன், கேக் தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அடுத்த வாரம் வருவாரான்னு சனிக்கிழமை வரைக்கும் எனக்குத் தூக்கமில்ல. அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்கல.

அதான் உன்னப் பாத்ததும் எனக்கு ஒண்ணு தோணுச்சு. மெஷினு புதுசு, நம்பரு காட்டுது. நீ என்ன பண்ற, அவரு வந்ததும் கூடவே வயலுக்குப் போ. ஒரு அஞ்சு நிமிஷம் தப்புத்தப்பா ஆட்டு. அப்புறம், ஐயா எனக்கு இந்தச் சனியன் புடிபடவே மாட்டேங்குது, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்னு அவரு கையில குடுத்துரு. சத்தம் பழகல, நம்பரப் பாத்துத்தான் எனக்கு வருது, நம்பருக்கு என்ன அர்த்தம்னு கேளு. சொல்லிக்குடுக்கற வேலைன்னா அந்த மனுஷன் உயிரையே விட்டுருவாரு. ஸ்க்ரீனத் திட்டிக்கிட்டே பாப்பாரு. பாத்தா தோண்டுவாரு. காதப் பத்தி யாரும் பேச வேணாம்.

நடிக்க வருமா? வரும், வரும். டீ நல்லாருக்குன்னு இப்பத்தான் சொன்ன, அத நம்பற மாதிரிதான் இருந்துச்சு.

என்னது? வெள்ளி இன்னும் இருக்குன்னு நிச்சயமாத் தெரியுமாவா?

அந்த இஸ்திரிப் பலகைக்குப் பின்னாடி எட்டிப் பாரு. பாத்தியா. எனக்கும் ஒரு தேடற மெஷின், தபால்காரன்கிட்ட வேலிச்செடி வெட்டற மெஷின்னு சொல்லி வாங்கி வச்சேன். வயசு எழுபத்தாறு, இடுப்பு ஒரு பக்கம் ஆபரேஷன் பண்ணது, முட்டி போட்டா எந்திரிக்க ஒரு வாளியக் கவுத்து வச்சுத்தான் எந்திரிக்கணும். ஆனாலும் போறேன். திங்கக்கிழமை திங்கக்கிழமை. ஞாயித்துக்கிழமை அவரு நடந்த தடத்துலயே. குழிய எவ்வளவு அழகா மூடுவாரு தெரியுமா, இருந்தாலும் எனக்குக் கண்டுபுடிக்கத் தெரியும். அவரு ஆணி எடுத்த எடத்துலருந்து ரெண்டு எட்டு தள்ளி, மூணு எட்டு தள்ளி, கீச்சு.

இந்தா, இந்தப் பொட்டலத்தப் பிரி. பதினோரு காசு, ஒரு வெள்ளி மோதிரம். பயப்படாத, கண்டெடுத்ததப் பதியற ஆபீஸ்ல எல்லாம் காட்டிட்டேன், அங்கொண்ணு இங்கொண்ணா யாரோ தவறவிட்டதுதான், புதையல் கணக்குல வராது, வச்சுக்கங்கன்னுட்டாங்க. அது ஏன் ரெண்டு பொட்டலமா? தேடினவளும் நான், நெலத்துக்காரியும் நான், ஆனா அவரு நடந்த தடம்ல? பாதி அவருக்கு. அந்த மோதிரத்தத்தான் எப்படிப் பிரிக்கறதுன்னு தெரியல.

எப்பக் குடுக்கப் போறேனா? குடுத்தா எல்லாம் தெரிஞ்சுபோகுமே. இதக் கண்ணால பாத்தா மனுஷன் அப்புறம் மெஷினத் தொடவே மாட்டாரு. காட்டலைன்னா வெள்ளை பேன்ட்டு மாட்டிக்கிட்டுப் போயிருவாரு. அதுக்குத்தான் நீ.

அட, எனக்கு வெள்ளி எதுக்குடி. எனக்கு என்னன்னா... பதினாறு வருஷமா ஞாயித்துக்கிழமை மத்தியானம் அவருக்குச் சாப்பாடு இங்கதான், சனிக்கிழமை கசாப்புக்கடையில கறிக்குப் போய் நின்னா, எப்பவும் போல ரெண்டு பேருக்கான்னு அந்தப் பையன் கேப்பான். நானும் தலைய ஆட்டுவேன். நேத்தும் அதத்தான் கேட்டான். ஒரு ஆளுக்குன்னு எப்படிக் கேக்கறதுன்னு எனக்கு வரல கண்ணு, வாய்ல வரவே இல்ல. ரெண்டு பேருக்கே வாங்கிட்டு வந்துட்டேன்.

குடு அந்தப் பேப்பர. எங்க, பென்சில் குறி போட்ட எடத்துலயா? நீயும் சாப்பாட்டுக்கு இருந்துட்டுப் போ, மூணு பேருக்கு இழுத்துப் புடிச்சுப் பண்ணிக்கலாம். வேன் சத்தம் கேக்குதா? அவருதான். பொட்டலத்த மூடு சீக்கிரம், மூடு.